மூன்று மாடி லாட்ஜுக்கு ஒரு மேனேஜ்டு சுவிட்ச்: முதன்முறை பொருத்துகிறவர்களுக்கு

இரவு ஒன்பது மணிக்கு வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு லாட்ஜிலிருந்து போன் வந்தது. "தம்பி, மூணு மாடியும் நெட்டு படுத்துகிச்சுப்பா. ரூம்ல இருக்கறவங்க எல்லாம் கீழ வந்து நிக்கிறாங்க."

வேலூர் லாட்ஜ்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒன்பது மணியின் அவசரம் புரியும். அங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலானோர் சி.எம்.சி.யில் வைத்தியம் பார்க்க வந்தவர்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி காட்பாடியில் இறங்கி, பத்து நாள், ஒரு மாதம் என்று அறை எடுத்திருப்பார்கள். பகலெல்லாம் ஆஸ்பத்திரி வரிசை. ராத்திரிதான் ஊரில் விட்டுவந்த பிள்ளைகளின் முகத்தை வீடியோ காலில் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நெட் போனால் அது சாதாரணத் தொந்தரவு இல்லை.

போய்ப் பார்த்தேன். வரவேற்பு மேஜைக்கு அடியில் 16 போர்ட், அதாவது கேபிள் செருகும் பொந்து, உள்ள சுவிட்ச் ஒன்று இருந்தது. ரவுட்டரிலிருந்து வரும் இணைப்பைப் பிரித்து மூன்று மாடிக்கும் அனுப்புவது அதுதான். அதன் விளக்குகள் எப்போதும் ஆளுக்கொரு பக்கமாக மினுக்கும். அன்று பதினாறும் ஒரே தாளத்தில், நிற்காமல் துடித்தன. அந்தத் துடிப்பைப் பார்த்தாலே எங்கோ கேபிள் வளையமாகிவிட்டது என்று தெரியும். எங்கே என்பதுதான் தெரியாது. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, விளக்கு அடங்குகிறதா என்று பார்த்து, மாடி ஏறி இறங்கி ஒன்றரை மணி நேரம் தேடினேன். இரண்டாம் மாடி நடையில் இருந்த 5 போர்ட் சின்ன சுவிட்சில் ஒரே மஞ்சள் ஒயரின் இரண்டு முனையும் செருகியிருந்தது. ஒரு முனை தரையில் கிடப்பதைப் பார்த்த யாரோ, கழன்று விழுந்ததாக்கும் என்று நல்ல மனதோடு எடுத்துச் செருகியிருக்கிறார்கள்.

அந்த மாதமே அந்த லாட்ஜில் மேனேஜ்டு சுவிட்ச் போட்டோம். அது என்ன, எப்படிப் பொருத்துவது, பொருத்திய பிறகு என்ன செய்வது என்பதை, முதன்முறை கையில் எடுப்பவருக்குப் புரியும்படி எழுதிவைக்கிறேன்.

சுவிட்ச் செய்யும் வேலை

நெட்வொர்க்கில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்ற 48 பிட் எண் ஒன்று உண்டு. சுவிட்சின் எந்த போர்ட் வழியாக எந்த மேக் முகவரி பேசுகிறது என்பதை அது பார்த்துப் பார்த்து ஓர் அட்டவணையில் எழுதிக்கொள்ளும். 7-ஆம் போர்ட்டில் கேமரா ரெக்கார்டர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், ரெக்கார்டருக்கு வரும் தகவலை 7-க்கு மட்டும் அனுப்பும். யாரென்று தெரியாத முகவரி என்றால் எல்லா போர்ட்டிலும் அனுப்பிப் பார்க்கும். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பவரை அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். பல சுவிட்சுகளில் இந்தக் கெடு 300 வினாடி.

எல்லோருக்குமான அறிவிப்பு என்று ஒரு வகைத் தகவலும் உண்டு. "எனக்கு ஒரு ஐபி எண் யார் தருவீர்கள்?" என்று புதிதாக வந்த போன் கேட்பது அந்த வகை. ஐபி எண் என்பது நெட்வொர்க்கில் ஒரு கருவிக்கு வழங்கப்படும் விலாச எண். அதை சுவிட்ச் எல்லா போர்ட்டிலும் அனுப்பியே ஆகவேண்டும். கேபிள் வளையமாக இருந்தால், அனுப்பிய அறிவிப்பு சுற்றிக்கொண்டு திரும்ப வரும். வந்ததை மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். ஈதர்நெட் தகவலில் "இத்தனை முறைக்கு மேல் சுற்றாதே" என்று சொல்லும் எண்ணிக்கை எதுவும் கிடையாது. அதனால் ஒரே ஓர் அறிவிப்பு போதும், நொடிகளில் மொத்த நெட்வொர்க்கும் அடைத்துக்கொள்ளும். அன்று ராத்திரி நடந்தது அதுதான்.

சாதாரண சுவிட்சிடம் இதைப் பற்றிக் கேட்க வழியில்லை. கரண்ட் கொடுத்தால் ஓடும், அவ்வளவுதான். மேனேஜ்டு சுவிட்சுக்கோ தனக்கென்று ஓர் ஐபி எண் உண்டு. பிரவுசரில் அந்த எண்ணைப் போட்டால் அதன் பக்கம் திறக்கும். எந்த போர்ட் எந்த வேகத்தில் இருக்கிறது, எதில் யார் இருக்கிறார், எதில் பிழை வருகிறது என்று காட்டும். யார் யாரோடு பேசலாம் என்று நாம் அதற்குக் கட்டளையும் இடலாம். கடையில் "ஸ்மார்ட் சுவிட்ச்" என்று கொஞ்சம் குறைந்த விலையில் ஒரு ரகம் இருக்கிறது. இதே வேலைகளில் முக்கியமானவற்றை வெப் பக்கம் வழியாகச் செய்யவிடும். லாட்ஜ், ஸ்கேன் சென்டர், சின்னத் தோல் ஷெட், பள்ளி போன்ற இடங்களுக்கு அது போதும் என்பதே என் கருத்து.

கிகாபிட் என்றால்

நொடிக்கு 1000 மெகாபிட். "எங்க நெட் பிளானே 100 மெகாபிட்தானே, கிகாபிட் சுவிட்ச் எதுக்கு?" என்று பலரும் கேட்பார்கள். இன்டர்நெட் வேகம் வேறு, கட்டடத்துக்குள் ஓடும் வேகம் வேறு. 24 கேமரா, ஒவ்வொன்றும் 4 மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் ரெக்கார்டருக்கு மட்டும் 96 மெகாபிட் போகும். 100 மெகாபிட் போர்ட் அதிலேயே நிரம்பிவிடும்.

செம்பு ஒயரில் கிகாபிட் ஓடுவதற்கான தரம் 1999-இல் வந்தது. அதற்கு கேட்-5ஈ கேபிள் போதும், தூரம் 100 மீட்டருக்குள் இருக்கவேண்டும். கேபிளுக்குள் எட்டு ஒயர், நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். அதனால் எட்டில் ஒன்று சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும், அதாவது நுனிப் பிளக்கில் சரியாக இறுகாவிட்டாலும், பல நேரம் இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். "ஏதோ ஸ்லோவா இருக்கு" என்ற புகாரில் பாதி இந்தக் கதைதான்.

ஒரு வார்த்தை கேபிள் பற்றி. விலை குறைவாகக் கிடைக்கும் கேபிளில் பல, செம்பு பூசிய அலுமினியம். ஒயரின் நுனியை பிளேடால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வாங்காதீர்கள். சுவிட்சில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, சுவருக்குள் போகும் கேபிளில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

எங்கே வைப்பது

வேலூரில் இந்தக் கேள்விக்கு நேரம் கொடுத்தே ஆகவேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். விசிறி இல்லாத சின்ன சுவிட்சுகள் பலவற்றில் அட்டையிலேயே போட்டிருக்கும்: 0 முதல் 40 டிகிரி வரை. மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு மேலே உள்ள சின்ன அறை, தகரக் கூரைக்கு அடியில் உள்ள லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே என்று ஒதுக்கப்பட்ட இடங்களில்தான் நம் ஆட்கள் ரேக்கை, அதாவது சுவிட்சைப் பொருத்தும் பெட்டியை, மாட்டுவார்கள். மே மாதம் மதியம் அங்கே கை வைக்க முடியாது. தரைத்தளத்தில், நிழலில், காற்று வரும் இடத்தில், தரையிலிருந்து ஆள் உயரத்தில் சுவர் ரேக் மாட்டுங்கள். அறைகளிலிருந்து வரும் கேபிளை நேராக சுவிட்சில் செருகாமல், பேட்ச் பேனல் என்ற பொந்து வரிசைப் பலகையில் முடித்து, அங்கிருந்து பேட்ச் கார்டு என்ற சின்ன ஒயரில் சுவிட்சுக்குக் கொண்டுவாருங்கள். ரேக்குக்கு முறையான எர்த், ரவுட்டரும் சுவிட்சும் சேர்ந்து ஒரு யுபிஎஸ். இவை இல்லாமல் வேலையைத் தொடங்கவேண்டாம்.

பின்பக்கம் தனிக் கட்டடம் இருந்தால் அங்கே செம்புக் கேபிளை வெட்டவெளியில் இழுக்காதீர்கள். கோடை இடி மழையில் பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலும் அந்தக் கேபிள் வழியாக மின்சாரம் பாய்ந்து இரண்டு பக்க போர்ட்டையும் சாகடித்துவிடும். சுவிட்சில் எஸ்.எஃப்.பி. என்று செவ்வகப் பொந்து இரண்டு இருக்கும். அதில் சின்ன மாட்யூலைச் செருகி ஃபைபர் இழுத்தால் இந்தப் பயம் இல்லை. கண்ணாடி நாரில் மின்சாரம் போகாது.

கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் பி.ஓ.இ. ரகம் வாங்கினால் ஒரு கணக்குப் போடுங்கள். முதல் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும், அடுத்த தரத்தில் 30 வாட். ஆனால் பெட்டி மொத்தமாகத் தரக்கூடியது எவ்வளவு என்று தனியாக ஓர் எண் இருக்கும். 8 போர்ட்டுக்கும் சேர்த்து 60 வாட்தான் என்றால் எல்லா போர்ட்டும் 15.4 வாட் எடுக்க முடியாது. பகலெல்லாம் நன்றாக ஓடிய கேமராக்களில் ஒன்றிரண்டு ராத்திரியில் மட்டும் அணைந்து அணைந்து வந்தால், முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும், அது இழுக்கும் கரண்ட் கூடும்.

முதலில் மேஜை மேல்

சுவிட்சை ரேக்கில் மாட்டுவதற்கு முன்பு ஒருநாள் மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப், ஒரு கேபிள், சுவிட்ச். வேறு எதையும் இணைக்கவேண்டாம்.

சுவிட்சின் முதல் ஐபி எண் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: 192.168.0.1 என்று வருவதும் உண்டு, 192.168.1.254 என்று வருவதும் உண்டு. லேப்டாப்புக்கு அதே வரிசையில் வேறொரு எண் கையால் கொடுங்கள்: சுவிட்ச் 192.168.0.1 என்றால் லேப்டாப்புக்கு 192.168.0.50, மாஸ்க் 255.255.255.0. வைஃபையை அணைத்துவிட்டு பிரவுசரில் சுவிட்சின் எண்ணைப் போடுங்கள்.

பக்கம் திறந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்புறம் கம்பெனி தளத்தில் புதிய ஃபர்ம்வேர் (சுவிட்சுக்குள் ஓடும் மென்பொருள்) இருந்தால் ஏற்றுங்கள். ஏற்றும்போது கரண்ட் போகக்கூடாது, அதனால் யுபிஎஸ்ஸில் வைத்தே செய்யுங்கள். சுவிட்சுக்கு இடத்தைச் சொல்லும் ஒரு பெயர் வையுங்கள். அதன் ஐபி எண்ணை நிரந்தரமான ஒன்றாக மாற்றி, பேனாவால் அதே ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். சுவிட்சின் பக்கத்தை வெளி இன்டர்நெட்டிலிருந்து திறக்கும்படி ரவுட்டரில் வழி விடவே விடாதீர்கள்.

ஒரே பெட்டியில் மூன்று தனி நெட்வொர்க்

இதற்காகத்தான் மேனேஜ்டு சுவிட்ச் வாங்குகிறோம் என்றே சொல்வேன். லாட்ஜில் மூன்று வகை ஆட்கள்: பில் போடும் ஆபீஸ் கம்ப்யூட்டர், தங்குபவர்களின் போன், கேமராக்கள். மூன்றும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், அறையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் கேமரா ரெக்கார்டரின் வாசலில் போய் நிற்கலாம். தங்குபவர்களின் அடையாளச் சான்று நகல்கள் இருக்கும் கம்ப்யூட்டரும் அதே தெருவில்தான்.

மூன்றையும் பிரிக்க மூன்று சுவிட்ச் வாங்கவேண்டியதில்லை. வீலேன் என்ற ஏற்பாட்டில் ஒரே சுவிட்சைப் பல தனித்தனி சுவிட்சாகப் பாவிக்கலாம். வேலூர்க் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மதில், ஒரே அகழி. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம், அருங்காட்சியகம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டும் என்றால் முதலில் பொதுவழிக்கு வரவேண்டும், பிறகுதான் அடுத்த வாசல். வீலேன்களும் அப்படித்தான். ஒரு வீலேனின் அறிவிப்பு அடுத்த வீலேனுக்குக் கேட்காது. போயே தீரவேண்டும் என்றால் ரவுட்டர் வழியாகத்தான் போகவேண்டும். யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்பதை அங்கே தீர்மானிக்கலாம்.

ஒவ்வொரு வீலேனுக்கும் 1 முதல் 4094 வரை ஓர் எண். நான் ஆபீசுக்கு 10, தங்குபவர்களுக்கு 20, கேமராவுக்கு 30 என்று வைத்தேன். சுவிட்ச் வரும்போது எல்லா போர்ட்டும் 1-இல் இருக்கும். அதைத் தங்குபவர்களுக்குக் கொடுக்கவேண்டாம்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான். போர்ட்டில் இரண்டு வகை. கம்ப்யூட்டரோ கேமராவோ செருகும் போர்ட் ஒரே வீலேனுக்குச் சொந்தம். அந்தக் கேமராவுக்கு வீலேன் என்ற ஒன்று இருப்பதே தெரியாது, தெரியவும் வேண்டாம். இதை அக்சஸ் போர்ட் அல்லது அன்டேக்டு என்பார்கள். சுவிட்சிலிருந்து ரவுட்டருக்கும், இன்னொரு மேனேஜ்டு சுவிட்சுக்கும், வைஃபை பெட்டிக்கும் போகும் போர்ட் வேறு மாதிரி. அந்த ஒரே ஒயரில் மூன்று வீலேனும் போகவேண்டும். கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு தகவலிலும் "இது 20, இது 30" என்று 4 பைட் சீட்டு ஒன்றை ஒட்டி அனுப்பும். அந்தச் சீட்டுக்குப் பெயர் டேக். அந்த போர்ட் டிரங்க் அல்லது டேக்டு. இந்தச் சீட்டின் வடிவம் 1998-இல் தரமாக வந்தது. அதனால் இரண்டு கம்பெனி சுவிட்சுகளும் ஒன்றோடொன்று பேசும்.

ஸ்மார்ட் சுவிட்சுகளில் பிவிஐடி என்று இன்னொரு கட்டம் இருக்கும். 9-ஆம் போர்ட்டை 30-இல் அன்டேக்டு என்று போட்டால், 30-இன் தகவல் அந்த போர்ட் வழியாக வெளியே போகும்போது சீட்டு கிழிக்கப்படும். சரி, கேமராவிடமிருந்து சீட்டில்லாமல் உள்ளே வரும் தகவலை எந்த எண்ணில் சேர்ப்பது? அதைச் சொல்வதுதான் பிவிஐடி. அதையும் 30 என்று மாற்றவேண்டும். மாற்ற மறந்தால் போகிறது 30, வருகிறது 1. கேமரா கிடைக்காது. ஏன் என்று புரியாமல் கேமராவைக் கழற்றி ரிப்பேருக்குக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றை முன்பே சொல்லிவிடவேண்டும். நெட் கம்பெனி கொடுக்கும் மோடம் ரவுட்டர்களில் பலவற்றுக்கு இந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாது. வீலேன் தெரிந்த ரவுட்டர் தனியாக வேண்டும். ஒவ்வொரு வீலேனுக்கும் ஐபி எண் வழங்கும் வேலையை அதுவே செய்யும். சுவிட்சை மட்டும் வாங்கிவைத்துவிட்டு வீலேன் வேலை செய்யவில்லை என்று திகைக்கவேண்டாம். 20-க்குள் இருக்கும் போன்கள் ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கவேண்டும் என்றால், வைஃபை பெட்டியில் கிளையன்ட் ஐசொலேஷன் என்ற வசதியையும் போடுங்கள்.

இந்த மாற்றங்களைச் செய்யும்போது உங்கள் லேப்டாப் செருகியிருக்கும் போர்ட்டைக் கடைசியாகத் தொடுங்கள். அதை முதலில் 20-க்கு மாற்றினால் அடுத்த நொடி சுவிட்சின் பக்கம் உங்களுக்கே மூடிக்கொள்ளும். அந்தப் பக்கத்தைத் திறக்க வேறு போர்ட் எதுவும் மிச்சம் இல்லாவிட்டால், ரீசெட் பொத்தானை ஊசியால் அழுத்தி ஆரம்பத்திலிருந்து வரவேண்டியிருக்கும். நான் எப்போதும் கடைசி போர்ட்டை நிர்வாகத்துக்கு என்று தனியாக விட்டுவைக்கிறேன்.

அப்புறம் சேவ். இதை அழுத்திச் சொல்கிறேன். பல சுவிட்சுகளில் "அப்ளை" அழுத்தினால் மாற்றம் உடனே ஓடத் தொடங்கும், ஆனால் நினைவில் தங்காது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு வேறு, கரண்ட் போய் வந்தால் எடுத்துக்கொள்ளும் அமைப்பு வேறு. முதலாவதை இரண்டாவதில் எழுதும் பொத்தான் பக்கத்தின் மூலையில் தனியாக இருக்கும். சேவ் செய்யாமல் நான் விட்டுவந்த ஒரு சுவிட்ச், மூன்று வாரம் கழித்து வந்த நீண்ட பவர்கட்டில் யுபிஎஸ் தீர்ந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க ஆபீஸ், கேமரா, போன் எல்லாம் மறுபடி ஒன்றாகக் கிடந்தன. இப்போது வேலை முடிந்ததும் சேவ் செய்து, சுவிட்சை நானே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அமைப்பு முழுவதையும் ஒரு ஃபைலாகத் தரவிறக்கி, தேதி போட்டு வைத்துக்கொள்ளவும் முடியும். அதையும் செய்யுங்கள்.

மஞ்சள் ஒயருக்கு மருந்து

ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையை ரேடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கினார். சுவிட்சுகள் தங்களுக்குள் சின்னச் சின்னத் தகவல்களை அனுப்பிப் பார்த்து, எங்காவது வளையம் இருந்தால் ஒரு போர்ட்டை மட்டும் மூடிவைக்கும். மற்றதெல்லாம் ஓடும். இன்று ஆர்எஸ்டிபி என்ற வேகமான வடிவம் கிடைக்கிறது. சில ஸ்மார்ட் சுவிட்சுகளில் இது அணைத்தே வரும், நாம்தான் போடவேண்டும். கூடவே லூப்பேக் டிடெக்‌ஷன் இருந்தால் அதையும் போடுங்கள். கீழே தொங்கும் சாதாரண சின்ன சுவிட்சில் நடக்கும் கூத்தைப் பிடிக்க அது உதவும். தான் அனுப்பிய தகவல் தன்னிடமே திரும்பி வருகிறது என்று தெரிந்ததும் அந்த ஒரு போர்ட்டை அடைத்துவிடும். அன்று அது இருந்திருந்தால் இரண்டாம் மாடி மட்டும் நின்றிருக்கும். மற்ற இரண்டு மாடிக்காரர்களும் பிள்ளைகளோடு பேசிவிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்று இன்னொரு காவல் உண்டு. கருவிகளுக்கு ஐபி எண் வழங்கும் முறைக்குத்தான் டிஹெச்சிபி என்று பெயர். நீண்ட நாள் தங்குபவர் யாராவது சொந்த வைஃபை ரவுட்டர் கொண்டுவந்து, சரியான பொந்து தெரியாமல் மாற்றிச் செருகிவிட்டால், அந்த ரவுட்டர் எல்லோருக்கும் தவறான ஐபி எண்ணை வழங்க ஆரம்பிக்கும். நம் ரவுட்டர் இருக்கும் போர்ட்டை மட்டும் நம்பகமானது என்று குறித்துவிட்டால், மற்ற போர்ட்டிலிருந்து வரும் எண்களை சுவிட்ச் கீழே போட்டுவிடும்.

பிறகு அன்றாடம்

பொருத்திய பிறகு தினமும் செய்ய ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை சுவிட்சின் பக்கத்தைத் திறந்து மூன்று இடங்களைப் பார்க்கிறேன். போர்ட் வேகம்: 1000 இருக்கவேண்டியது 100 ஆகியிருக்கிறதா. பிழை எண்ணிக்கை: சிஆர்சி என்ற வரிசையில் எண் ஏறிக்கொண்டே போனால் அந்தக் கேபிளோ கிரிம்பிங்கோ கெட்டுவருகிறது. மேக் அட்டவணை: முன்பு இல்லாத ஏதாவது கேமரா வீலேனில் உட்கார்ந்திருக்கிறதா.

ரேக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். போர்ட் எண், எந்த அறை அல்லது எந்தக் கேமரா, எந்த வீலேன், ஒயரின் நிறம். அது கையால் எழுதியதாக இருந்தாலும் போதும். ஆனால் ஒயர் மாற்றும் அதே நேரத்தில் தாளிலும் மாற்றவேண்டும். வரவேற்பில் இருக்கும் பையனுக்கு நெட்வொர்க் தெரியாது, தாள் படிக்கத் தெரியும். போன மாதம் அவன்தான் போன் செய்தான்.

"அண்ணா, மூணாவது மாடி வைஃபை இழுத்துகினே இருக்குதுண்ணா."

"தாளைப் பாரு. அது எத்தனாவது போர்ட்?"

"பதினாலு."

"பதினாலுல லைட்டு என்ன கலர்?"

"ஆரஞ்சுண்ணா. மத்ததெல்லாம் பச்சை."

அந்த சுவிட்சில் பச்சை 1000, ஆரஞ்சு 100, முகப்பிலேயே எழுதியிருக்கும். ரேக்கின் அடித்தட்டில் புதிய பேட்ச் கார்டு இரண்டு வைத்திருந்தேன். பேனலில் 14, சுவிட்சில் 14, இரண்டு முனையையும் கழற்றிப் புதியதைப் போடச் சொன்னேன். கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்து என்றேன். போனிலேயே அந்தச் சத்தம் கேட்டது. நான்கைந்து நொடி கழித்து, "பச்சை வந்துட்சுண்ணா" என்றான்.